அறுநூற்று நாற்பது நட்சத்திரம்

முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு தொடுதிரை டேப், ஓடாத ஒரு மின்விசிறி. போருக்குத் தப்பி ஓடிவந்த பிள்ளைகளுக்கு நம் மொழியை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. விளையாடுவது அவர்கள், தொண்டை வற்றுவது எனக்கு. சரியான சொல்லைத் தொட்டால் ஒரு நட்சத்திரம். ராத்திரி டேப் பிள்ளையோடு வீட்டுக்கும் போகும். மாதக் கடைசியில் முதலிடம் பிடிக்கிற பிள்ளை டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

இந்த மாதம் அறுநூற்று நாற்பது நட்சத்திரத்தோடு கடைசி பெஞ்சுக் குட்டி முதலிடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலைக் காட்டி என்னவென்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளை அது.

மேற்பார்வையாளர் போனில் குதித்தார். "திங்கக்கிழமையே அனுப்பிடலாம் டீச்சர். நமக்கும் நல்ல பேரு."

"சார், அவளுக்கு ஒரு வார்த்தை வராது. அங்க போனா திண்டாடிப் போயிடுவா."

"ஸ்கோர்தான் பேசுதே, டீச்சர்!"

ஸ்கோர் பேசியது, பிள்ளைதான் பேசவில்லை. அலுத்துப்போய் போனை வைத்தேன்.

சாயங்காலம் அவள் அம்மா வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள். நாலு மாதமாகத் தலையை மட்டும் ஆட்டுகிற பெண். டேப்பை நீட்டி, "யாரு விளையாடினது?" என்றேன். குரலில் எரிச்சல் இருந்தது.

"பொத்தானை அழுத்தியவள் நான். என் மகள் அழுத்தவில்லை."

அசந்துபோனேன். டேப்பில் சொல் சொல்லித்தரும் அந்த விளையாட்டுக் குரல் போலவே, ஓர் எழுத்து பிசகாமல் பேசினாள்.

"பெரியவங்க தொட்டா டேப்பைப் பிடுங்கிடுவாங்க, தெரியுமா?"

"தெரியும். பகலில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. இரவில் இது பேசுகிறது."

உண்மையைச் சொன்னால் டேப் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய் முழிக்கும். யோசிக்கவும் தெம்பில்லை. ஒரே வழிதான் இருந்தது. மேற்பார்வையாளர் பார்ப்பது ஸ்கோரை மட்டும்தான்; நட்சத்திரங்களை அழித்துவிட்டால் பிள்ளை பட்டியலில் கடைசி, டேப் இவர்களிடமே இருக்கும். மெதுவாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

'எல்லா நட்சத்திரங்களும் அழிந்துவிடும். சம்மதமா?' என்று திரை கேட்டது. எனக்கு விரல் வரவில்லை. அவளுடைய ஒரு மாதத்து ராத்திரி முழுக்க அதற்குள் இருந்தது.

"நானே அழுத்துகிறேன்."

அழுத்தினாள். பூஜ்யம் வந்தது. கீழே புதிதாக ஒரு வரி வந்தது. அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வருக, புதிய நண்பரே."

படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு மாதத்தில் ஒருநாள்கூட நான் அவளை "உள்ள வாங்க" என்று சொன்னதில்லை.