துண்டுக்கடியில் கைமாறிய பதின்மூன்று வருடங்கள்

வேலந்தாவளம் மாட்டுத் தரகர் குப்பண்ணனுக்கு நாற்பத்தோராவது வயதில் மூப்பு நின்றுபோனது. அன்று சந்தையில் எருமை விலை சற்று ஏறியிருந்தது என்பதைத் தவிர ஊரில் வேறு விசேஷம் இல்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடங்கள் அவர் தலையில் ஒரு முடி நரைக்கவில்லை, வாயில் ஒரு பல் ஆடவில்லை. காலை ஏழு மணிவரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். முதல் பத்து வருடம் ஊர் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டது. அதற்கப்புறம் பொறாமைப்படும் வேலையைக் குப்பண்ணனே எடுத்துக்கொண்டார்.

காரணம், அவரைவிட மூன்றே மாதம் இளைய மனைவி மருதாத்தாளுக்கு மூப்பு நிற்கவில்லை. நோய்நொடி எதுவும் கிடையாது, உடம்பு அதன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது. நாற்பத்தைந்தில் கிட்டத்து எழுத்து மங்கியது. பேப்பரைக் கைநீட்டிப் பிடித்துப் படித்தார். கை போதாமல் போனதும் பேப்பரைத் தென்னை மரத்தில் செருகிவிட்டு வாசலில் நின்று படித்தார். முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி உயரம் குறைந்தது, காது மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சித்திரை வெயிலில் அவர் தலையை ஆட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல காற்று வரும். விழிப்பு முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து நான்கு மணிக்கு வந்து நின்றது. வீட்டுச் சேவல்கள் ரோசப்பட்டுக் கூவுவதையே நிறுத்திவிட்டன.

அந்தக் காற்றும் அந்த நான்கு மணியும் பக்கத்துத் தோட்டத்து ஆறுக்குட்டிக்கு வாய்த்ததுதான் குப்பண்ணனின் வயிற்றெரிச்சல். ஆறுக்குட்டி மனைவியை இழந்தவர், வயது அறுபத்தெட்டு. அவருக்கும் அதே கண், அதே காது, அதே நான்கு மணி. வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் மருதாத்தாளும் நின்று காப்பி குடித்தார்கள். ஆறுக்குட்டி பேப்பரைப் பிடித்துக்கொள்ள, இங்கிருந்து மருதாத்தாள் படித்தார். தூரம் கச்சிதமாக இருந்தது. நாக்கில் ருசி மங்கியதால் மருதாத்தாள் கொள்ளுப்பருப்பில் உப்பை அள்ளிப்போட ஆரம்பித்தபோது, குப்பண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். ஆறுக்குட்டியோ கிண்ணத்தை வழித்துவிட்டு, "அம்மிணி, இன்னிக்கித்தான் உப்பு சரியா உளுந்திருக்குது" என்றார். சில்வண்டுச் சத்தத்தைக்கூடத் தவறவிடாத குப்பண்ணனின் நாற்பத்தொரு வயதுக் காதில் அந்தச் சொல் மூன்று மாதம் இரைந்துகொண்டிருந்தது.

போன பங்குனியில் முதியவர்களைப் பரிசோதிக்க வந்த மலையாளத்து நர்ஸ் லிஜி, மருதாத்தாளையும் ஆறுக்குட்டியையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தாள். எல்லாம் வயதுக்கேற்ற மாற்றம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குப்பண்ணனைக் கூப்பிட்டாள்.

"மோனே, அப்பாவையும் அம்மாவையும் பத்திரமா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

மருதாத்தாள் சிரித்த சிரிப்பில் பெஞ்சின் ஒரு கால் முறிந்தது. குப்பண்ணன் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த சந்தை நாளில் அவர் நேராக ஆறுக்குட்டியிடம் போய்த் தோள்துண்டை விரித்தார். வேலந்தாவளத்தில் தரகர்கள் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள்.

"என்ன தம்பி, மாடு எங்க?" என்றார் ஆறுக்குட்டி.

"தம்பியா? நீ எனக்கு ஒரே வருசந்தான்டா மூப்பு! மாடு இல்ல, உன்ற வயசக் குடு. நரை, காது, நாலு மணி முழிப்பு, எல்லாஞ் சேத்தி."

"அறுவத்தெட்டு வருசம் பாடுபட்டுச் சேத்துனதப்பா இது. போ கண்ணு, போயி முட்டாயி வாங்கித் தின்னு."

மாட்டுத் தரகருக்குக் கோபம் வந்தால் வேறென்ன செய்யத் தெரியும்? குப்பண்ணன் ஆறுக்குட்டியின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, "தேஞ்சு கெடக்குது, இந்த வயசு சந்தையில போகாது" என்று நான்கு பேர் கேட்கச் சொன்னார். கூட்டம் கூடியது. கீரை வாங்க வந்த மருதாத்தாளும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, என்ன கூத்து இது?"

குப்பண்ணன் ஆறுக்குட்டியின் வாயிலிருந்து கையை எடுத்தார். "நீ அவங்கூடச் சேந்து கெழவியாவுற புள்ள. நாலு மணிக்கு நீ எந்திரிச்சுப் போறப்ப நானு தூங்கீட்டுக் கெடக்கறன். என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டே இருக்கற."

மருதாத்தாள் கீரைக் கட்டைக் கீழே வைத்தார். "துண்டப் போடுங்க" என்றார். அந்தச் சந்தையில் அதுவரை எந்தப் பெண்ணும் துண்டுக்கடியில் கை நுழைத்ததில்லை. பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. குப்பண்ணன் விரலை இறுக்குவதும் மருதாத்தாள் உதறுவதுமாகத் துண்டு குட்டி போட்ட பூனைபோல் அலைந்தது. வெளியே கேட்டது ஒரே பேச்சு: "காத மட்டும் தர மாட்டனுங்க. சித்திரைக்கு வேணும்."

துண்டை எடுத்தபோது இருவருக்கும் ஐம்பத்துநான்கு வயது. குப்பண்ணனுக்குக் கன்னப்பொறி நரைத்துக் கண்ணோரம் சுருங்கியிருந்தது. மருதாத்தாள் நான்கு விரல்கடை உயர்ந்திருந்தார், காது அப்படியே. படிந்த பேரம் நியாயமானதுதான் என்று மற்ற தரகர்கள் தலையாட்டிவிட்டு, பொள்ளாச்சியிலிருந்து வந்திறங்கிய ஒரு ஜோடிக் காளையைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் நான்கு மணிக்கு ஆறுக்குட்டி பேப்பரை நீட்டிப் பிடித்தபடி வேலியோரம் நின்றார். கை கடுத்ததும் உள்ளே போய்விட்டார். குப்பண்ணனும் மருதாத்தாளும் ஐந்தரைக்கு, ஒரே நேரத்தில் கண்விழித்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, மனைவி அன்றைக்குப் பேசிய முதல் பேச்சு குப்பண்ணனிடம் வந்தது.

"ஏனுங்க, எம்பட பக்கம் கொசுவலை கிழிஞ்சிருக்குது."

"தெச்சுக்கலாம் புள்ள" என்றார் குப்பண்ணன்.

இப்போது இருவருக்கும் வருடத்துக்கு ஒரு வயது கூடுகிறது.