கட்டிலை விட்டு இறங்காத பாவாயி

மகள் பாவாயிக்கு மூன்று வயது நெருங்கியதும் மல்லசமுத்திரத்துச் சௌந்திரம் தூளியை அவிழ்த்துவிட்டாள். குழந்தை கனத்துப்போய், சேலைத் தூளி தரையில் இடித்தது. கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து, மத்தியானத் தூக்கத்துக்கு அவளைப் படுக்கவைத்தாள். அழுவாள் என்று பயந்திருந்தாள். பாவாயி அழாமலே தூங்கிவிட்டாள்.

குழப்பம் விழித்த பிறகுதான் வந்தது. கட்டில் ஒரு முழ உயரம்தான். பாவாயி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாலும் இறங்கவில்லை. தூக்கிக் கீழே விட்டதும் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அடுத்த இரண்டு நாளும் இதேதான்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காலுல ஏதாச்சுங்களா?" என்று கணவன் சென்னியப்பனிடம் கேட்டாள்.

"ஊட்டச் சுத்தி ஓடறாளே! எறங்கறதுக்குப் பயப்படறாளாட்ட இருக்குது. ஆனா பயந்தா அழுவாளே," என்றான். அவனுக்கும் விளங்கவில்லை.

நான்காம் நாள் சௌந்திரம் கட்டிலருகே குந்தினாள். "ஏஞ்சாமி, எறங்க மாட்டேங்கறே?"

"நீதானே எறக்கி உடோணும்," என்றாள் பாவாயி.

தூளியிலிருந்து குழந்தை ஒருநாளும் தானாக இறங்கியதில்லை என்பது அப்போதுதான் சௌந்திரத்துக்கு உறைத்தது.

"இது கட்டலு கண்ணு. நீயே எறங்கிக்கலாம்."

பாவாயி நம்பாமல் தாயையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்துக் கால்களை மெல்லத் தொங்கவிட்டாள். பாதம் தரையில் பட்டதும் திரும்பி ஏறினாள், மறுபடி இறங்கினாள். பொழுது சாயும்வரை அதே விளையாட்டுத்தான். நடுவில் தூக்கப்போன தாயின் கையைத் தள்ளிவிட்டாள். சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாமல் சௌந்திரம் அங்கேயே நின்றாள்.