விளையாட்டு முடியட்டும்

அந்த ஒஸ்லோ ஆஸ்பத்திரியின் வழக்கப்படி தாதி ஜன்னலைத் திறந்துவிட்டு, மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனாள். அவள் கதவைச் சாத்தியதும் விமலாதேவி எழுந்து போய் ஜன்னலை இறுக்கிப் பூட்டினார்.

"அந்தாளுக்குக் குளிரும்."

இனி அப்பாவுக்குக் குளிராது என்று சொல்லக் கஜேந்தினிக்கு மனம் வரவில்லை. சற்று முன்னர்தான் மகேசனின் மூச்சு நின்றிருந்தது. அவள் இன்னும் அழவில்லை. அழுகைக்கு முன்னால் பயம் வந்து குந்திக்கொண்டது. தம்பி தொலைபேசி எடுக்கும் நேரம்.

தம்பி ரிஷிகேசன் அமெரிக்காவில் பண்டர். அந்த நாட்டுக் கால்பந்தில் தன் அணி முன்னேற வழியில்லாமல் நிற்கும்போது மட்டும் உள்ளே போய், பந்தை முடிந்தமட்டும் தூரத்துக்கு உதைத்துவிட்டு வெளியே வருகிற வேலை. "நாலு உதைக்குச் சம்பளம் வாங்கிறவன் என்ரை மகன்" என்று மகேசன் ஒஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் அந்த நாலில் இரண்டு பிழைத்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். போன கிழமை இரண்டு பிழைத்துவிட்டன. இந்தக் கிழமை வேறொருவனைக் கூப்பிட்டு உதைக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கும் சறுக்கினால் அவ்வளவுதான்.

"அவனிட்டைச் சொல்லாதை," என்றார் விமலாதேவி. "விளையாட்டு முடியட்டும்."

"அப்பாவைக் கேப்பான் அம்மா. ஒவ்வொரு மட்ச்சுக்கும் முன்னம் அவரோடை கதைக்கிறவன்."

"நித்திரை எண்டு சொல்லு."

"என்னாலை ஏலாது."

"ஏலத்தான் வேணும். இந்த ஒண்டுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டிட்டுப் போனவன்."

தொலைபேசி அதிர்ந்தது. கஜேந்தினி எடுத்தாள்.

"அக்கா, அப்பா எங்கை?"

"நித்திரையடா. ஊசி போட்டவை."

பொய் இவ்வளவு சுலபமாக வந்ததே என்று அவளே திடுக்கிட்டாள்.  மகள் மேலும் தடுமாறிவிடுவாளோ என்று விமலாதேவி தொலைபேசியைப் பறித்தார்.

"தம்பி, பயப்பிடாமல் விளையாடு. அப்பா சொன்னவர்."

"ஓம் அம்மா," என்றான். வைத்துவிட்டான்.

கட்டிலருகே இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொலைபேசியின் சின்னத் திரையில் விளையாட்டைப் பார்த்தார்கள். ஊரில் யாராவது முகநூலில் அஞ்சலி போட்டிருப்பார்களோ, அதை அணியில் எவனாவது காட்டிவிடுவானோ என்று கஜேந்தினி பயந்துகொண்டே இருந்தாள். முதல் உதை நன்றாகப் போனது. அடுத்ததும் பிழையில்லை. கடைசி உதைக்கு அவன் தன் பக்கத்து எல்லைக்கோட்டில் நின்றான். மாடுபோன்ற நான்கு பேர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். விமலாதேவி போர்வைக்கு மேலால் மகேசனின் காலை இறுக்கிப் பிடித்தார்.

பந்து போயேபோனது. மைதானத்தின் மறுபாதிக்குள் வெகுதூரம் போய் விழுந்து உருண்டது. அறிவிப்பாளர் அவனுடைய பெயரை உடைத்து உடைத்துக் கத்தினார். கஜேந்தினிக்குச் சந்தோஷம் வந்தது. அந்த அறையில் அது வந்ததற்காக வெட்கமும் வந்தது.

பிறகு அவன் எடுத்தான். இம்முறை முகம் தெரிந்தது. உடுப்பு மாற்றும் அறையில், சட்டை முழுக்கச் சேறு.

"அக்கா, எப்ப?"

"என்னடா எப்ப?"

"அம்மா மட்ச்சுக்கு முன்னம் ஒருநாளும் என்னோடை கதைக்கிறேல்லையே. பயத்திலை குசினிக்குள்ளை போய் ஒளிக்கிறவ. இண்டைக்குக் கதைச்சவ."

விமலாதேவி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, நான்தான் கெடுத்துப்போட்டன்."

"இல்லை அம்மா. நீங்கள் பயப்பிடக்கூடாதெண்டுதான் நானும் ஓம் எண்டனான்."

 அவன் தொலைபேசியை எதிலோ சாத்திவைத்துவிட்டுக் குனிந்து, வலது சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். விரல்கள் முடிச்சிலேயே நின்றன. திரும்பத் திரும்ப இழுத்தான். அது இறுகிக்கொண்டே போனது. திரைக்கு வெளியிலிருந்து துணிப்பட்டி சுற்றிய, அணிக்காரன் ஒருவனின் பெரிய கை வந்து, அவனுடைய விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு, அந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தது.