மூன்று மணிக்கு வருபவர்

இங்கிலீஷ் டீச்சரைப் புதைத்த பன்னிரண்டாம் நாளிலிருந்து, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அவர் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன் வயரைப் பிடுங்கினார். மறுநாளும் அடித்தது. மணியையே கழற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். டிராயருக்குள்ளிருந்து அடித்தது.

டீச்சரின் கணவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். டீச்சர் இறந்த அன்று நாடி பிடித்துப் பார்த்து, "போயிட்டா" என்று சொன்னவர் அவர்தான். தாமதமாக வந்த டாக்டர் அந்தச் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த மச்சினிதான் பேச்சை எடுத்தாள். "சேவ்ட் பை தி பெல்னு அக்கா கிளாஸ்ல சொல்லிக்குடுப்பாளே மாமா, கடைசி நிமிஷத்துல தப்பிக்கிறதுக்கு. அது எப்படி வந்துச்சு தெரியுமா? உயிரோட புதைச்சிட்டா இழுக்கறதுக்குப் பெட்டிக்குள்ள கயிறு விடுவாங்களாம். மேல மணி அடிக்குமாம்." கம்பவுண்டர் டம்ளரை வைத்துவிட்டு, டீச்சரின் நோட்டுகளைத் தேடப் போனார்.

டீச்சரின் பாடக்குறிப்பில் அந்தக் கதையும் இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்து, 'வெறும் கட்டுக்கதை. விழுந்த குத்துச்சண்டைக்காரன் எழுவதற்கு நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடியும் மணி அடித்தால் அவன் தப்பினான்; சொல் வந்தது அங்கிருந்து' என்று எழுதியிருந்தார். கம்பவுண்டர் அதைப் பத்துத் தடவை படித்தார். படிப்பது வேறு, மூன்று மணிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது வேறு. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டையும் கால் மணி நேரம் விடாமல் பிடித்திருந்தார். வரிசை தெருவரை நீண்டது.

நாற்பதாம் நாள் அனுமதி வாங்கிப் பெட்டியைத் திறந்தார்கள். டீச்சர் வைத்தது வைத்தபடி வாடாமல் கிடந்தார். கோத்த விரல்கள் கொஞ்சமும் பிரியவில்லை. கம்பவுண்டர் குழிக்குள் இறங்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நாடி பிடித்தார். "இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல" என்றார். பிறகுதான், மனைவி இறந்தபின் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

"மூடிடலாமா ஐயா?" என்றார் குழிவெட்டுபவர்.

"இருங்க. இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

வீடு திரும்பினார்கள். மூன்று மணிக்கு மணி அடித்தது. மச்சினி நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். கம்பவுண்டர் கதவைத் திறந்து, "உள்ள வா. வெயில்ல எதுக்கு நிக்கற?" என்றார். அடுத்த பத்தொன்பது வருஷமும் இரண்டரைக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிடுவார், யாரும் தடுத்ததில்லை.

அவரும் போன பன்னிரண்டாம் நாள், மணி இரண்டு தடவை அடித்தது. இப்போது அந்த வீட்டில் ஒரு தையல்காரி குடியிருக்கிறாள். மூன்று மணிக்கு மெஷினை நிறுத்தி எழுந்து, கதவைத் திறந்து, இரண்டு பேர் நுழையும் அளவுக்கு ஒதுங்கி நிற்பாள். பிறகு சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.