காலில் விழுந்த காட்சி

நாயாற்றுக் கடற்கரையில் எடுத்த படத்தில் விமலேஸ்வரிக்குச் சம்மாட்டி வேடம். வலையும் படகும் ஆட்களும் வைத்துக் கரையை ஆளுகிறவள். நிஜத்தில் அவள் மீன் வாங்கி விற்பவள்தான். ஏலத்தில் ஆண்களை அடக்கிவிடும் அவள் குரலைக் கேட்டுத்தான் இயக்குநர் நிருஷன் வீடு தேடி வந்தான். எதிர்ச் சம்மாட்டியாக நடித்தவன் கிருபன். கனடாவிலிருந்து வந்து படத்துக்குப் பணம் போட்டவனும் அவனே.

முதல் நாள் அவள் அதட்ட, அவன் பின்வாங்க, வேடிக்கை பார்த்த சனம் கைதட்டியது. கிருபனுக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாள் அவளுடைய வசனத்தில் பாதி அவன் வாய்க்குப் போயிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

கதைப்படி கடைசியில் கிருபன் தோற்றுக் கரையை விட்டுப் போகவேண்டும். அந்தக் காட்சி எடுக்கவிருந்த அன்று காலை நிருஷன் அவள் முகத்தைப் பாராமல் சொன்னான்.

“அக்கா, முடிவு மாறியிருக்கு. நீங்கள் அவற்ற காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறியள்.”

“நான் என்ன பிழை செய்தனான்?”

“பிழையெண்டில்லை… அண்ணை வெல்லாட்டி படம் வெளிவராதாம்.”

கதிரையில் இருந்தபடி கிருபன் சிரித்தான். “நடிப்புத்தானே அக்கா.”

“நடிப்பெண்டா நீரே விழும் தம்பி. நான் விழமாட்டன்.”

படத்துச் சேலையை மாற்றி, மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். யாரும் மறிக்கவில்லை. வென்றுவிட்டதாகவே நினைத்தாள்.

மூன்று மாதம் கழித்து முல்லைத்தீவில் ஒரு மண்டபத்தில் படம் ஓடியது. கடைசிக் காட்சியில் அந்தச் சேலை வந்தது, முகம் வரவில்லை. யாரோ ஒருத்தி முதுகைக் காட்டியபடி நடந்துபோய்க் கிருபனின் காலில் விழுந்தாள். அவன் அவளை உடனே தூக்கவில்லை. மண்டபம் விசிலடித்தது.

“அது நானில்லை,” என்றாள் விமலேஸ்வரி.

“சும்மா போங்கோ அக்கா, நான் அழுதே போனன்,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பிறகு கரையில் கண்டவனெல்லாம் அந்தக் காட்சியைப் பற்றித்தான் கேட்டான்.

ஒரு பின்னேரம் நிருஷன் பரிசுக் கிண்ணத்தோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

“கனடாவில குடுத்தவை. சிறந்த நடிகையெண்டு. அந்தக் கடைசிக் காட்சிக்குத்தான்.”

“விழுந்தவளிட்டக் குடும்.”

அவன் நிலத்தைப் பார்த்தான். “விழுந்தது என்ர மனுசி. வேற ஒருத்தரும் சம்மதிக்கேல்லை.”



“அப்ப அவாட்டையே குடுமன்.”

“குடுத்தனான். தொடமாட்டாவாம். விழுந்த நாளில இருந்து என்னோட கதைக்கிறதுமில்லை.”

அவளும் கை நீட்டவில்லை. கிண்ணத்தை வாசல் படலையடியில் வைத்துவிட்டு நிருஷன் போனான்.