முப்பத்தேழு பேருடைய எண்

கலைமதியின் கைப்பையில் போன் அதிரத் தொடங்கியபோது அது சாப்பாட்டு டப்பாவின் மேல் கிடந்தது. எவர்சில்வர் மூடி விர்ரென்று முனகியது. அவள் பையை மடிக்கு இழுத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூட்ட அறையில், எதிரே கம்ப்யூட்டர் மேசையில் ஜெகதீஷ் தன் போனைக் காதில் வைத்தபடி, "ரிங் போவுது மேடம். எடுக்க மாட்றாங்க" என்றான்.

"திரும்பப் போடு" என்றார் டாக்டர் ஜெயம்.

டப்பா மறுபடியும் முனகியது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகாலட்சுமி கலைமதியின் மடியைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். அவளும் கலைமதியைப் போலக் கிராமச் செவிலியர்தான். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெகதீஷ் கூப்பிட்டுக்கொண்டிருந்தது மணிமொழி என்ற கர்ப்பிணிப் பெண்ணை. கர்ப்பிணிகளைப் பதியும் அரசுச் செயலியில் அவள் பெயருக்கு எதிரே இருந்த பத்து இலக்கங்கள் கலைமதியுடையவை.

பதிவு செய்த நாளில் வேறு வழி தெரியவில்லை. மணிமொழிக்கென்று போன் கிடையாது. வீட்டிலிருந்த ஒரே போன் அவள் கணவன் குருவோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தது. செயலி அனுப்பும் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் போகும். அவன் சாரத்தின் மேலிருந்து இறங்கி வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை முடிந்தது. கர்ப்பமான மூன்று மாதத்துக்குள் பதிவாகவில்லையென்றால் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். கலைமதி தன் எண்ணைப் போட்டாள். இப்போதைக்கு என்று போட்டாள். அப்படி இப்போதைக்குப் போட்டவர்கள் இன்று முப்பத்தேழு பேர். தடுப்பூசித் தேதி, ரத்தப் பரிசோதனை, சத்துமாத்திரை என்று முப்பத்தேழு பேருக்குமான குறுஞ்செய்திகள் ஒரே போனில் வந்து விழுந்தன. முதல் ஆண்டு படித்தாள். அப்புறம் அந்த எண்ணிலிருந்து வருபவற்றுக்குச் சத்தத்தை நிறுத்தி வைத்தாள்.

"மேல்சித்தாமூர் பக்கத்துல இருக்குற பிஎச்சில இருந்து காலைல போன் வந்துது" என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். "செவ்வாக்கிழமை அங்க செக்கப்புக்கு வந்துருக்குது இந்தப் பொண்ணு. பிபி நூத்தம்பதுக்கு நூறு. சாயந்திரம் யூரின்ல ஆல்புமின் வந்துருக்குது. உடனே வரச் சொல்லி மெசேஜ் போயிருக்குது. இன்னும் வரல. அங்க இருக்குற சிஸ்டருக்கு அம்மா வீட்டு அட்ரஸ் தெரியல, நம்மகிட்ட மாமியார் வீட்டு அட்ரஸ்தான் இருக்குது. ஆனா நம்ம லிஸ்ட்ல புதன்கிழமையே பச்சையா இருக்குதே. கலைமதி, நீங்க பேசினீங்கதானே?"

"பேசினேன் மேடம்" என்றாள் கலைமதி.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது அவளுக்கே பின்னால்தான் உறைத்தது. அந்த நொடியில் அவள் நினைப்பெல்லாம் டப்பா மூடியைப் பற்றியதாக இருந்தது. சத்தம் வெளியே கேட்கிறதா, கேட்கவில்லையா. மணிமொழி என்ற பெண்ணின் முகம் அவளுக்கு ஞாபகம்கூட வரவில்லை. பதினான்கு ஆண்டு வேலையில் இப்படி ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருப்போம் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பத்தொன்பது குழந்தைகள் வரிசையில் அழுதுகொண்டிருந்தன. செயலியின் பட்டியலில் மணிமொழியின் பெயர் சிவப்பாக எரிந்தது. ஐந்து மணிக்குள் சிவப்பு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மணிமொழி வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது, அங்கே போனவளை அந்த ஊர் சிஸ்டர் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று நினைத்தாள். அந்த ஊர் சிஸ்டரும், பதிவு செய்த ஊரில் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். கலைமதி 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தைத் தொட்டாள். 'மாத்திரை தொடங்கப்பட்டது' என்பதையும் தொட்டால்தான் நிறம் மாறும். தொட்டாள். பச்சையானதும் மனசு சற்று லேசானது. அது நிஜமான நிம்மதி, அதுதான் கொடுமை.

"போடி" என்று மகாலட்சுமி உதட்டை அசைக்காமல் சொன்னாள். "நான் வாந்தி கீந்தின்னு எதுனா சொல்லிக்கிறேன். ஓடு."

கலைமதி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் நின்று செய்திகளைத் திறந்தாள். நூற்றுக்கணக்கானவற்றுக்குள் அது கிடந்தது. செவ்வாய், மாலை ஆறு பன்னிரண்டு. 'மணிமொழி அவர்களே, உடனடியாக மருத்துவமனைக்கு வரவும்.' கீழே மாலை ஆறு நாற்பதுக்கு அதே செய்தி மறுபடியும்.

மணிமொழியின் மாமியார் வீடு அவலூர்பேட்டை ரோட்டில் நான்காவது கிலோமீட்டரில் இருந்தது. ராஜம்மாள் வாசலில் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வா நர்சம்மா. இன்னா இந்நேரத்துல?"

"மணிமொழியோட அம்மா ஊடு எங்கம்மா இருக்குது? போன் நம்பர் இருந்தா குடுங்க."

"அவங்க நம்பரு எங்கிட்ட இன்னாத்துக்கு?" ராஜம்மாளின் குரல் உடனே மாறியது. "வளைகாப்புக்குப் பத்தரைக்குள்ள வரணும்னு சொன்னா, ராவுகாலம் பொறந்தப்புறம் வந்து எறங்குறாங்க. ஏழு சாதம்னு சொல்லிட்டு அஞ்சு சாதம் கட்டியாந்தாங்க. ஊரே சிரிச்சிது. அன்னைக்கே எங்க ஊட்டுக்காரரு சொல்ட்டாரு, கொழந்த பொறந்தா சேதி வரட்டும், அதுவரைக்கும் பேச்சு இல்லன்னு."

"பெரிம்மா, அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிப் போயிருக்குது. சீரியஸ்."

"எங்க ஊட்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

"குரு நம்பராவது குடுங்க."

அவள் கொடுத்தாள். கலைமதி மூன்று முறை அடித்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் போனை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொள்வார் என்று ராஜம்மாள் சொன்னாள். பிறகு மணிலாக்கொட்டையைப் பார்த்துக்கொண்டே, அரை மனசாக, "சித்தாமூரு மடம் தாண்டினா ஏரி வரும். கரை மேல ஒரு தெரு. காத்தாயி ஊடுன்னு கேளு" என்றாள். கலைமதி வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து, "புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள்.

கலைமதி செஞ்சிக்குத் திரும்பி, பேருந்து நிலைய நெரிசலைக் கடந்து, திண்டிவனம் ரோட்டில் ஏறினாள். பன்னிரண்டு மணி வெயிலில் பாறைமலைகள் இரண்டு பக்கமும் அனல் வீசின. வல்லத்தில் திரும்பும் வரை அவள் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தாள். செவ்வாய் மாலை முதல் வெள்ளி மதியம் வரை எத்தனை மணி நேரம். கணக்கு முடியும்போதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள், இன்னொரு முறை போட்டால் குறைந்துவிடும் என்பதுபோல. நடுவில் ஓர் ஆசையும் எழுந்தது. அவள் நன்றாக இருக்கட்டும், அவள் நன்றாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த வேண்டுதலில் மணிமொழி எவ்வளவு, தான் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

காத்தாயியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலில் பழைய புடவை தொங்கியது. இருட்டில் பாய்மேல் மணிமொழி படுத்திருந்தாள்.

"யாரு? சிஸ்டரா?" அவள் எழப் பார்த்தாள். "கதவச் சாத்துங்க சிஸ்டர். வெளிச்சம் பட்டா தல பொளக்குது."

"படுத்துக்கோ. அம்மா எங்க?"

"நூறு நாள் வேலைக்குப் போயிருக்குது, ஏரிக்கு." அவள் முகம் அடையாளம் தெரியாமல் ஊதியிருந்தது. கண் இமைகள் பணியாரம் போல உப்பியிருந்தன. "கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்குது. மேல் வயிறு வேற வலிக்குது. அம்மா வாயுன்னு சொல்லிப் பூண்டு வறுத்துக் குடுத்துச்சி. செவ்வாக்கிழம ஆஸ்பத்திரில எதுனா இருந்தா போனு வரும்னு சொன்னாங்க. யாரு போனுக்கு வரும்னு நான் கேக்கல. போனு வரலியே, அப்ப ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டோம்."

கலைமதி பிபி கருவியின் பட்டையை அவள் கையில் சுற்றினாள். எண்கள் ஏறிக்கொண்டே போய் நூற்றுத் தொண்ணூறில் நின்றன. கீழே நூற்று இருபது. குழந்தையின் துடிப்பைக் கேட்கும் சிறு கருவியை வயிற்றில் வைத்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். தன் துடிப்புதான் காதில் கேட்டது.

"உதைக்குதா புள்ள?"

"நேத்து சாயந்திரம் உதைச்சுது. காலைல இருந்து தூங்குது போல."

உள்ளே டவர் இல்லை. தெருவில் ஓடிப் போய் 108-ஐக் கூப்பிட்டாள். வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. பாய் தரையில் உரசும் சத்தம். உள்ளே ஓடியபோது மணிமொழியின் உடம்பு வலிப்பில் விறைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கலைமதி அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் பிடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். வலிப்புக்கு இரும்பு என்று ஒருத்தி அரிவாளை மணிமொழியின் கைக்குள் திணித்தாள், இன்னொருத்தி வாயில் கரண்டியை நுழைக்க வந்தாள்.

"வேணாம். எடுங்க. காத்து வரட்டும், வெலகி நில்லுங்க."

ஏரியிலிருந்து காத்தாயி மண் ஒட்டிய காலோடு ஓடி வந்தாள். மகளைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. "கண்ணு, கண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வர இருபத்தாறு நிமிடம் ஆனது. ஊசி போட்டதும் உடம்பு தளர்ந்தது. வண்டி கிளம்பியபோது கலைமதி உள்ளேயே ஏறிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் போனில் வந்தார். விமல்ராஜ் என்ற ஆம்புலன்ஸ் பணியாளர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான்.

"ரெக்கார்ட்ல புதன்கிழமைலேருந்து பிபி மாத்திரைன்னு இருக்குது" என்றது குரல். "மூணு நாளா மாத்திரை போட்டும் நூத்தித் தொண்ணூறா? அப்படின்னா நான் வேற மருந்துக்குப் போகணும். எத்தனை மில்லிகிராம், கடைசியா எப்ப போட்டாங்க?"

காத்தாயி மகளின் காலைப் பிடித்தபடி கலைமதியைப் பார்த்தாள். விமல்ராஜும் பார்த்தான். ஆமாம் என்று சொன்னால் தப்பான மருந்து போகும். வண்டி ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது.

"போடல டாக்டர்" என்றாள் கலைமதி.

"என்ன?"

"மாத்திரையே ஆரம்பிக்கல. அவங்களுக்குத் தகவலே போகல. நான்தான் போட்டதா பதிஞ்சிட்டேன்."

"சரி" என்றார் டாக்டர். பிறகு விமல்ராஜிடம் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். அவன் கலைமதியின் பக்கம் திரும்பாமல் ஊசியை ஏற்றினான். காத்தாயிக்கு அந்தப் பேச்சு புரிந்ததாகத் தெரியவில்லை. மகளின் கொலுசு உள்ளங்காலில் அழுந்துவதைக் கவனித்து மேலே தள்ளிவிட்டாள்.

ஆபரேஷன் நாலு மணிக்கு முடிந்தது. பெண் குழந்தை. உள்ளேயே ரத்தம் கசிந்து நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டிருந்தது, குழந்தை முன்பே இறந்துபோயிருந்தது. தாயைத் தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறோம், ஒரு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று வெளியே வந்த டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் கலைமதியைத் தனியாகக் கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. எழுதித் தருமாறு மட்டும் கேட்டார், அவள் எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கம்கூட வரவில்லை.

காத்தாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கலைமதி வந்ததும் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைகளில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு.

"பேத்திய அந்த ஆண்டவன் எடுத்துக்கினான். நீ வரலன்னா என் பொண்ணையும் எடுத்துக்கினு பூட்டிருப்பான். ஏரில கெடந்த எனக்கு இன்னா தெரியும்? எந்தத் தாயி பெத்த பொண்ணோ, ஸ்கூட்டிய உட்டுக்கினு ஓடியாந்தியே."

கைகளை உருவிக்கொள்ள முடியவில்லை. இந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். டாக்டரிடம் சொல்லியாயிற்று, எழுதிக் கொடுத்தாயிற்று, அலுவலகம் செய்வதைச் செய்யும். இவளுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு குரல் உள்ளே நியாயம் பேசியது. அது புதன்கிழமை பேசிய அதே குரல் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அம்மா, ஆஸ்பத்திரில இருந்து போன் வரும்னு சொன்னாங்க இல்ல. அது வந்துச்சு. எனக்கு வந்துச்சு. மணிமொழி பேர்ல என் நம்பர்தான் இருந்துச்சு. செவ்வாக்கிழம சாயந்திரமே உடனே வரச் சொல்லி வந்துச்சு. நான் பாக்கல. புதன்கிழம சொல்லிட்டதா எழுதிட்டேன்."

காத்தாயிக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. கைகள் அப்படியே இருந்தன.

"செவ்வாக்கிழமையா?" என்றாள். "செவ்வாக்கிழம சாயந்திரம் மொளக்கீர ஆய்ஞ்சிக்கினு இருந்தாளே. நல்லா பேசிக்கினு இருந்தா. கால்தான் கொஞ்சம் வீங்கியிருந்திச்சி."

கலைமதி தலையாட்டினாள்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா கடைசி பஸ்ஸுக்கே வந்துருப்பமே."

"வந்துருப்பீங்க."

"நடந்தே உள்ள பூட்டிருப்பா."

"ஆமாம்மா."

காத்தாயி கைகளை விட்டாள். அடிப்பாள் என்று கலைமதி எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் முந்தானையால் தன் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு தடவை துடைத்தாள்.

"வேல முடிஞ்சி போனு கைக்கு வந்துச்சாம், மாப்ள பஸ் ஏறிட்டாரு. அந்த ஆம்புலன்ஸ் டைவரு தம்பி போன் போட்டுக் குடுத்துச்சி" என்றாள் சுவரைப் பார்த்து. "கொழந்த போனத மட்டும் சொன்னேன். இத என்னால சொல்ல ஆவாது. நீயே அவராண்ட சொல்லு. சொல்லிட்டுப் போ."

கலைமதி பெஞ்சின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். குருவை அவள் பார்த்ததில்லை. மூன்று முறை காலாவதியான ஓடிபியாக மட்டுமே அவனைத் தெரியும். எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். மனசுக்குள் வந்த வாக்கியங்கள் எல்லாம் 'உங்க போன் அன்னைக்கு' என்றோ 'அந்த ஆப்புல' என்றோ 'எங்க வேலையில' என்றோ தொடங்கின. ஒவ்வொன்றையும் கைவிட்டாள். வாசலில் ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் அவளும் காத்தாயியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.