குழலி கோட்டம் எடுத்த ஞாயிறு

காஞ்சிபுரத்தில் பெண் பிறந்தால் அம்மன் பெயரை நினைத்து ஏலவார்குழலி என்று வைப்பார்கள். பெயர் வைத்த மறுநாளே குழலி என்று சுருக்கியும் விடுவார்கள். நம் குழலிக்கு நாற்பத்திரண்டு வயது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் சைக்கிளில் ஏறி வராமல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, வாசலில் நின்றிருந்த அவள் கணவர் மாணிக்கவேலின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. வருத்தப்பட வேண்டிய நேரம் அது என்பது ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு நினைவு வந்தது.

"இன்னாமா, உளுந்துட்டியா?"

"நான் ஏன் உளுவறேன்? லாரிக்கு ஒதுங்கினேன், பின்சக்கரம் பள்ளத்துல எறங்கிடுச்சு."

மாணிக்கவேல் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினார். சக்கரம் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் என்று ஆடி ஆடி ஃப்ரேமில் இடித்துக்கொண்டு சுற்றியது. சைக்கிள் கடைக்காரர்கள் இதைத்தான் கோட்டம் என்பார்கள்.

"அவ்ளோதான். கோட்டம் உளுந்துடுச்சு. நாளைக்கு நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் நம்ம தெருவுக்கு வர்றாரு. குடுத்து அனுப்பிடலாம்."

ஒரு வருஷமாக அந்த மனிதர் காத்திருந்தது இந்தப் பள்ளத்துக்காகத்தான்.

சைக்கிள் முதலில் மகள் கீர்த்தியுடையது. பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் நர்சிங் படிக்க வேலூருக்குப் போனதும் அது கோணிப் பையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. போன வருஷம் குழலி அந்தக் கோணியை உருவி எறிந்தாள். நாற்பத்தொரு வயதில் பள்ளி மைதானத்தில் இரண்டு முறை விழுந்து, முழங்காலில் ஒரு தழும்பு வாங்கி, மூன்றாம் வாரம் பெரிய தெருவில் ஓட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மணியடித்துக்கொண்டு போனாள்.

அவள் வேலை பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், தீர்ந்ததும் அடுத்த பாவை ஏற்றுவார்கள். பழைய இழையின் முனையையும் புதிய இழையின் முனையையும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிவிட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தளர்ந்தாலும் நெசவில் பல்லிளித்துவிடும். ஆகவே இழையின் விறைப்பை அறிவதற்குக் குழலிக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். அவள் விரலைப் பற்றித் தறிக்காரர்கள் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள்.

ஆனால் அந்த விரல்களை வேலை நடக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! இருபது வருஷம் அவள் போனதும் வந்ததும் மாணிக்கவேலின் மொபெட்டில், பின்சீட்டில். அவருக்கு நேரம் இருந்தால் அவளுக்கு வேலை. அவருக்குத் தலைவலி என்றால் அவளுக்கும் லீவு. ஏறியதும் தினமும் ஒரே பாட்டு: "சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கோ. ஆடாம உக்காரு." சைக்கிள் வந்த பிறகு ஊருக்கு வெளியே முசரவாக்கத்தில் மூன்று தறிகளை அவளே பிடித்தாள். எப்போது கிளம்புவது, எந்த வழியாகப் போவது, நடுவில் எங்கே நின்று மோர் குடிப்பது என்பதெல்லாம் அவள் இஷ்டம். இந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவள் மறுபடி பின்சீட்டுக்குப் போவாளா? செத்தாலும் போகமாட்டேன் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முசரவாக்கத்தில் சிவராஜ் வீட்டுத் தறியில் முகூர்த்தச் சேலைக்குப் பாவு ஏறுகிறது. எட்டு மணிக்கு அவள் இல்லையென்றால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாக சிவராஜ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அந்த வழியில் பஸ் வரும்போதுதான் வரும். மாணிக்கவேலோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். இந்த வாரம் காலை ஷிப்ட்; ஆறு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்.

"அதான் சொல்றேன், முசரவாக்கத்த விட்டுடு. நம்ம தெருத் தறிங்களே போதும்," என்றார் அவர்.

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள இது ஓடலன்னா, நானே தூக்கி அந்தாளு வண்டியில வெக்கிறேன்."

"வாக்கு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

மாணிக்கவேல் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

ஞாயிறு காலை குழலி சைக்கிள் கடை ஆதிகேசவனின் வீட்டுக்குப் போனாள். வைகாசித் திருவிழாப் பத்து நாளும் அவர் கடை திறக்கமாட்டார். பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்களில் அவரும் ஒருவர். காலை வீதியுலா முடித்து வந்து, தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். படுத்தபடியே, "ரிம்மு மாத்தணும்மா. திருவிழா முடியட்டும்," என்றார்.

"கோட்டம் எடுக்கிற சாவி இருந்தா குடுங்கண்ணா. நானே எடுத்துக்கிறேன்."

ஆதிகேசவன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "கோட்டம் எடுக்கக் கத்துக்கறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு. நீ மதியானத்துக்குள்ள எடுத்துடுவியா?"

"சக்கரத்துல போக்ஸ் கம்பி எத்தினி இருக்கும்ணா?"

"முப்பத்தாறு."

"நான் ஒரு நாளைக்கு எத்தினி இழை தொடறேன்னு உங்களுக்கே தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இரும்பு வட்டம். போக்ஸ் கம்பியின் முனையில் இருக்கும் திருகைக் கவ்விப் பிடிக்க அதில் சுற்றிலும் வெட்டுகள்.

வீட்டுக் கொல்லையில் ஒரு சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். கிரீஸ் பட்ட கையால் பட்டைத் தொட முடியாது. தொட்டால் சேலையே போச்சு. அதனால் இரண்டு பால் கவர்களைக் கையில் மாட்டிக்கொண்டு முதலில் செயினைத் துடைத்தாள். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயைக் கண்ணி கண்ணியாகச் சொட்டினாள். இதெல்லாம் வாராவாரம் செய்வதுதான். பிறகு கவர்களைக் கழற்றிவிட்டு, துடைத்து வைத்த போக்ஸ் கம்பிகளை வெறும் விரலால் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தாள்.

உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு கம்பி விறைப்பு, அடுத்தது தொளதொளவென்று கிடந்தது. பள்ளத்தில் இறங்கியதில் ஏழெட்டுக் கம்பிகள் தளர்ந்திருந்தன. அது மட்டுமா? வலது பக்கக் கம்பிகள் எல்லாமே மொத்தத்தில் அதிக விறைப்பு, இடது பக்கத்தில் கொஞ்சம் கம்மி. யார் செய்த வேலை இது என்று குழலிக்குக் கோபம் வந்தது. பாவு இப்படி இருந்தால் அவளைத் தறி வீட்டு வாசற்படி ஏற விடுவார்களா?

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். தளர்ந்ததை முறுக்கினாள், முறுகியதைத் தளர்த்தினாள். கடைசியில் முப்பத்தாறு கம்பிகளும் விரலுக்கு ஒரே விறைப்பு. சுற்றிவிட்டாள். ஆட்டம் போயே போய்விட்டது!

ஆனால் ஆடாத அந்தச் சக்கரம் நடுவில் நிற்கவில்லை. மொத்தமாக இடது பக்கம் நகர்ந்து, டயர் ஃப்ரேமைத் தேய்த்துக்கொண்டு நின்றது. முன்பாவது சுற்றும்போது இடித்தது. இப்போது சுற்றவே மறுத்தது.

மத்தியானத் தூக்கம் கலைந்து வந்த மாணிக்கவேல் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "முன்ன ஓடிக்கினாவது இருந்துச்சு. இப்போ நல்லா பூட்டுப் போட்டுட்ட." சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். "ரெண்டரை ஆவுது. அவர இப்பவே வரச் சொல்லட்டா?"

"நாலு மணின்னா நாலு மணிதான்," என்றாள் குழலி. கண்ணில் நீர் முட்டியது உண்மை. ஆனால் தப்புச் செய்தோம் என்கிற துக்கத்தைவிட, ஒழுங்காகச் செய்தும் இது ஏன் இப்படி நிற்கிறது என்கிற ஆத்திரம்தான் அவளுக்கு அதிகம்.

தரையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பின்பக்கமிருந்து நேராகப் பார்த்தாள். நடு அச்சின் வலது ஓரத்தில் பல் சக்கரம் இருந்தது, செயின் மாட்டுகிற பிரீவீல். அது இடத்தை அடைத்துக்கொண்டதால் வலது பக்கக் கம்பிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றன. இடது பக்கத்துக் கம்பிகளோ அகலமாகச் சாய்ந்து நின்றன. ஒரே சக்கரம்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நிற்கிற இடம் வேறு, சாய்வும் வேறு. கண்ணிமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட அறிவு கெட்டவளே! கரையையும் உடலையும் ஒண்ணாக் கட்டுவாங்களா?"

காஞ்சிபுரத்துத் தறியில் சேலையின் உடலுக்கு ஒரு பாவு, கரைக்குத் தனிப் பாவு. கரைப் பாவைத் தனியாகக் கட்டி அதற்கென்று தனி எடை தொங்கவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே விறைப்பு வைத்தால் சேலை ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். தன் பாவுக்குள் இழைகள் சமமாக இருந்தால் போதும். கரை உடலுக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. பிணைக்கிற புத்தியிலேயே எல்லா இழையையும் ஒன்றாக்கிவிட்டாள். வலது பக்கம் விறைப்பாக இருந்தது தப்பே இல்லை. அதை முடுக்கியவர் அறிந்துதான் முடுக்கியிருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆளைக் காலையில் திட்டியதற்காகக் குழலி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. இடது பக்கம் எல்லாக் கம்பியிலும் அரைத் திருகு தளர்த்தினாள், வலது பக்கம் எல்லாவற்றிலும் அரைத் திருகு முறுக்கினாள். சக்கரம் ஒரு நூல் வலது பக்கம் வந்தது. இன்னொரு அரைத் திருகு. இரண்டு பக்கமும் விரல் விட்டு அளந்தாள். இன்னும் கொஞ்சம். ஃப்ரேமில் ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டு, ரிம்மில் கோடு விழுந்த இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கக் கம்பியை முறுக்கினாள். மூன்றே முக்காலுக்குச் சக்கரம் சத்தமில்லாமல், நட்ட நடுவில், துளிகூட ஆடாமல் சுற்றியது. குழலி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குப் பசிகூட மறந்துபோயிருந்தது.

சீயக்காய்த்தூளும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தெருவில் "பழைய இரும்பே!" என்று குரல் வந்தது. மாணிக்கவேல் வாசலுக்கு ஓடினார். குழலி சைக்கிளை நடை வழியாகத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். வாசலில் ஏறி, தெருவில் ஒரு வட்டம் அடித்து வந்து இறங்கினாள்.

இரும்புக்காரர் சக்கரத்தையும் மாணிக்கவேலையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், நல்லா ஓடற வண்டிய விக்கிறேன்றீங்களே?"

மாணிக்கவேல் அசைந்து கொடுப்பவரா? "சும்மா ஓட்டினா எல்லாந்தான் ஓடும். லோடு ஏறட்டும், திரும்பக் கோணிக்கும் பாரு."

"வெச்சிப் பாத்துடலாம்," என்றாள் குழலி. "ஏறுங்க."

"யாரு?"

"நீங்கதான். உங்கள விட லோடு நம்ம வீட்டுல வேற இன்னா இருக்குது?"

இரும்புக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன. இப்போது ஏறாவிட்டால் தோற்றதாக ஆகும். ஏறினாலும் பெருமை ஒன்றும் கிடையாது. மாணிக்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கால் போட்டுக் கேரியரில் உட்கார்ந்தார். குழலி ஒரு காலால் தரையை உந்தி மிதித்தாள். முதல் நாலு மிதிக்கு வண்டி தள்ளாடியது. அதன்பின் நேராகிவிட்டது. அவள் காது பின்சக்கரத்திலேயே இருந்தது. உரசல் இல்லை, முனகல் இல்லை.

தெருக்கோடி வந்தது. "போதும், திருப்பு. ஒத்துக்கிறேன், நல்லாத்தான் ஓடுது," என்றார் பின்னாலிருந்து.

குழலி திருப்பவில்லை. மணியை அடித்தபடி பெரிய தெருவுக்குள் நுழைந்தாள். கடைத்தெரு முழுக்கத் திருவிழாக் கூட்டம்; தெரிந்த முகங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஒரு ஆட்டோ பக்கத்தில் உரசுகிற மாதிரிக் கடந்து போனதும் மாணிக்கவேல் பதறிப்போனார்.

"இந்தாம்மா, நான் எதப் புடிச்சிக்கறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு கணமும் தேவைப்படவில்லை. இருபது வருஷம் கேட்ட பதில்.

"சீட்டுக் கம்பியப் புடிச்சிக்குங்க. ஆடாம உக்காருங்க."

மாணிக்கவேல் பிடித்துக்கொண்டார்.